வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தவர்

பணி அனுபவம் எழுத உட்காருகிறவருக்கு அறுபது வயதாவது ஆகியிருக்க வேண்டும், நடுவில் எங்காவது சர்க்கரை மாத்திரையைப் பற்றி ஒரு வரி வர வேண்டும் என்று நினைத்திருந்தேன். எனக்கு முப்பத்துமூன்று. சர்க்கரை இல்லை. எட்டு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். பிறகு தேர்வு எழுதித் தேறி, இப்போது கூட்டுறவுத் துறையில் ஆய்வாளராக மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். வி.ஏ.ஓ. வேலையிலிருந்து மட்டும் ஓய்வு பெற்றவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டாலும் வி.ஏ.ஓ.க்களின் வாட்ஸப் குழுவை விடவில்லை. குற்றவியல் சட்டங்களுக்கெல்லாம் புதுப் பெயரும் புது எண்ணும் வந்த பிறகு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதில் தவித்துப் போகிறார்கள். சென்ற மாதம் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, ஆத்துல ஒரு பாடி ஒதுங்கியிருக்கு. புகார்ல நூத்தி எழுவத்தி நாலுன்னு போடவா, நூத்தித் தொண்ணூத்தி நாலுன்னு போடவா?" இப்போது நூற்றுத் தொண்ணூற்று நான்குதான், அதைச் சொன்னேன். "மொதல்ல ஒரு வேட்டி எடுத்துப் போத்து. எண்ணைப் போலீஸ் பாத்துக்கும்" என்றும் சொன்னேன். உடனே இன்னொரு பையன், "அக்கா, இந்த வேட்டிக் கதையை எழுதுங்களேன்" என்றான். எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் திருவையாற்றுப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அம்மா என் அலுவலகத்துக்கு வந்து, பெயர்ப் பலகையைப் பார்த்து, "இதுல நீ எங்கடி இருக்க?" என்று கேட்டது. விரலை எடுத்து வைத்துக் காட்டினேன். அந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து அந்தப் பலகையில் தூசி இருக்க நான் விட்டதில்லை.

பயிற்சியில் நில அளவை, சிட்டா, அடங்கல், பட்டா மாறுதல் எல்லாம் விரிவாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இறந்தவர்களைப் பற்றி ஏதோ சொன்னார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் யாரும் கேட்கவில்லை. முதல் வருடத்திலேயே திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமத்தில் எனக்குப் பணி. சேர்ந்த கையோடு படித்துறையில் ஓர் உடல் ஒதுங்கியது. அடையாளம் தெரியாத உடல் என்றால் அந்த ஊர் வி.ஏ.ஓ.தான் காவல் நிலையத்தில் முதல் புகார் கொடுக்க வேண்டும். சொந்தக்காரர் யாரென்று தெரியாத மனிதருக்கு, தெரிகிறவரை நாங்கள்தான் வீட்டு ஆள் மாதிரி. எங்கள் தலையாரி கோவிந்து வாழை இலையை வெட்டி வந்து மேலே போட்டார். காற்றில் இலை நிற்கவில்லை. நான் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் நான்கு முழ வேட்டி வாங்கி வந்து போர்த்தினேன். அன்றிலிருந்து என் ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு வேட்டி இல்லாமல் நான் கிளம்பியதில்லை. தீரத்தீர வாங்கி வைப்பேன். ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "மேடம், உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலன்னு கேள்விப்பட்டேன். யாரு இப்படிக் கட்டிக் கிழிக்கிறது?"

என் தாசில்தார் மல்லிகா மேடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதைத்த உடலைத் தோண்டி எடுக்க வேண்டுமென்றால் தாசில்தார் நேரில் நிற்க வேண்டும் என்பது சட்டம். மல்லிகா மேடத்துக்குப் பிணம் என்றால் கைகால் உதறும். அதை ஒளிக்கவும் மாட்டார். குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே இருக்கிற தென்னை மரத்தைப் பார்த்தபடி நிற்பார். "கலை, சொல்லுங்க" என்பார். நான் குழியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்: மண் இளகியிருக்கு மேடம், துணி தெரியுது மேடம், இப்ப டாக்டர் இறங்குறார் மேடம். கட்டாயம் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்கிற இடத்தில் ஒருமுறை திரும்பி, நேராகப் பார்த்துவிட்டு, மறுபடி தென்னை மரத்துக்குப் போய்விடுவார். தாலுகா அலுவலகத்தில் அவருக்கு "முதுகு தாசில்தார்" என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

ஆனால் அவர் நிற்கிற இடத்தில் ஓர் ஒழுங்கு இருக்கும். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். செருப்பைக் கழற்றிவிடுவார். போனை எடுத்து எவராவது படம் பிடித்தால் அந்தப் போன் மாலைவரை கோவிந்துவின் மடியில் இருக்கும். வந்தவுடன் முதல் கேள்வி, "இவங்களுக்கு யாரு வந்திருக்கீங்க?" என்பதுதான். இறந்தவரை அது, இது என்று யாரும் சொல்லக் கூடாது. ஒருமுறை நான், "மேடம், இவ்வளவு பயந்துக்கிட்டு எதுக்கு இவ்வளவு நேரம் நிக்கிறீங்க? கையெழுத்துப் போட்டுட்டுக் கார்ல உட்காரலாமே" என்றேன். "எனக்குப் பயம் இருக்கறதாலதான் கலை நிக்கிறேன். பயமில்லாதவங்க கால தூக்கித் தாண்டிப் போயிடுறாங்க" என்றார்.

இனி அந்த வாய்க்கால் விஷயம்.

குறுவைக்கு மேட்டூர் திறந்தாகிவிட்டது. தண்ணீர் கல்லணையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கிளை வாய்க்காலில் பாதி தூரம் கோரையும் மண்ணுமாக அடைந்து கிடந்தது. பாசன விவசாயிகள் சேர்ந்து பொக்லைன் கொண்டு வந்து அவசரமாகத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முன்னால் நிற்கிறவர் வடிவேல் அண்ணன். குரல் மட்டும் அவருக்கு மைக்செட். இயந்திரத்தை ஓட்டுகிறவர் சீர்காழிக்காரர், பெயர் ரஃபீக்.

மயானத்தை ஒட்டி வாய்க்கால் வளைகிற இடத்தில் கரையைச் சரித்துக்கொண்டிருந்தபோது, ரஃபீக் திடீரென்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். சரிந்த மண்ணுக்குள் ஒரு மனித எலும்புக்கூடு. படுத்திருக்கவில்லை. கால்களை மடக்கி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்த நிலையில் இருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் இயந்திரத்தின் பக்கெட் பெயர்த்து மண்மேட்டில் கொட்டியிருந்தது. பக்கெட்டை இன்னும் ஒருமுறை இறக்கியிருந்தால் எல்லாமே போயிருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது சப்-இன்ஸ்பெக்டர் சேகர் எனக்கு முன்னால் வந்திருந்தார். நல்ல மனிதர்தான், மேலிடத்திலிருந்து போன் வந்தால் மட்டும் நாக்கு வறண்டுவிடும். வலது தொடை எலும்பைக் காட்டினார். அதில் ஓர் இரும்புத் தகடு, திருகாணிகளோடு இறுகியிருந்தது.

"பாத்தீங்களா விஏஓம்மா? பிளேட்டு வெச்சு ஆபரேஷன் பண்ண ஆளு. அப்ப இது ராஜா காலத்து எலும்பு இல்ல. கால மடக்கித் திணிச்சிருக்கான். எடம் வாய்க்கால் புறம்போக்கு. மறைச்சுப் பொதைச்சது. கொலைதான்."

கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வடிவேல் அண்ணன் மட்டும், "கொலையோ என்னமோ, சாயங்காலத்துக்குள்ள முடிச்சு விடுங்க சார். தண்ணி வந்துக்கிட்டு இருக்கு. இந்த மண்ணோட நின்னா கடைமடைக்கு ஒரு சொட்டு போவாது" என்றார்.

ஒரு கான்ஸ்டபிள் யூரியா சாக்கு ஒன்றை உதறிக்கொண்டு வந்தார். எலும்புகளை அதில் அள்ளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கிருந்து தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவது அவர்கள் திட்டம். அப்படிப் போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. "சாக்கைக் கீழ போடுங்க" என்றேன். இறந்தவர் உடலை அவமதித்தால் அப்போது இருநூற்றுத் தொண்ணூற்றேழாவது பிரிவு. இப்போது முந்நூற்று ஒன்று. எண்ணைச் சொன்னதும் கான்ஸ்டபிள் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் சாக்கைப் பார்த்தார். நான் டிக்கியிலிருந்து வேட்டியை எடுத்து வந்து போர்த்தினேன்.

அப்போதுதான் டி.வி.எஸ். வண்டியில் ஒருவர் வந்து இறங்கினார். பின்னால் கூடை நிறைய அரளி. சாம்பசிவம் அண்ணன், எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பூக்கட்டுகிற வீரசைவக் குடும்பம். எப்போதும் சிரித்துப் பேசுகிற ஆள், வண்டியை ஸ்டாண்டு போடாமலே விட்டுவிட்டு ஓடிவந்தார். வண்டி விழுந்து அரளியெல்லாம் கொட்டியது.

"சார், அது எங்கப்பா சார்."

"எப்படிய்யா தெரியும்? மூஞ்சியா இருக்கு பாத்துச் சொல்ல?" என்றார் சேகர்.

"உட்கார்ந்திருக்காரே சார். இந்த ஊருல உட்கார்ந்துக்கிட்டுப் போறது எங்க வீட்டு ஆளுங்க மட்டுந்தான்."

வீரசைவர்கள் இறந்தவரைப் படுக்க வைத்துப் புதைப்பதில்லை. சம்மணமிட்டு உட்கார வைத்து, வடக்கு பார்த்து, சுற்றிலும் விபூதி நிரப்பிச் சமாதி வைப்பார்கள். அவர் அப்பா அருணாசலம், நாகலிங்க மரத்தில் பூப்பறிக்க ஏறி விழுந்து தொடை உடைந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தகடு வைத்துக்கொண்டவர். அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் நடமாடிவிட்டு, வயதாகிப் போனவர். சமாதி வைக்கும்போது நட்ட வில்வங்கன்று, கரையோடு சேர்ந்து எந்த வெள்ளத்திலோ போயிருந்தது.

"அம்மா வீட்டுல பூக்கட்டிக்கிட்டு இருக்கு. முட்டி முடியல, வெளிய வராது" என்றார் சாம்பசிவம் அண்ணன், குரலைத் தாழ்த்தி. "சாயங்காலம் நான் போய் என்ன மேடம் சொல்லுவேன்? அப்பாவ சாக்குல கட்டிப் போலீஸ் கொண்டு போயிடுச்சுன்னா?"

வடிவேல் அண்ணன் சும்மா இருக்கவில்லை. "ஏம்ப்பா சாம்பசிவம், ஒங்கப்பாரு இருந்தப்பவும் என் வயக்கரையில பூப்பறிச்சாரு. செத்தும் என் குறுவைய மறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரே."

"எங்கப்பா வாய்க்காலுக்கு வரல அண்ணே. ஒங்க வாய்க்காதான் எங்கப்பா மேல ஏறி வந்திருக்கு."

சண்டையாகப் போக வேண்டிய பேச்சு அது. ஆனால் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அவர் சொன்னதை அளந்தே காட்டிவிடலாம். நிலத்தின் எல்லைக் கற்களையும் அளவுகளையும் காட்டுகிற புலப்படத்தை எடுத்து வந்தேன். கோவிந்து ஒரு முனையைப் பிடிக்க, மயானத்தின் தெற்கு மூலைக் கல்லிலிருந்து அளவு நாடாவை இழுத்துக்கொண்டு போனேன். வடக்கு எல்லைக் கல் இருக்க வேண்டிய இடம் வாய்க்காலின் நடுவே வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே இறங்கினேன். வரப்பில் வளர்ந்த காலுக்குச் சேறு புதிதில்லை. காலால் துழாவியபோது கல் இடித்தது. கோவிந்து மண்வெட்டியால் சேற்றை விலக்கிக் காட்டினார். மயானம் அங்கேதான் இருந்தது. கரை அறுத்துக்கொண்டு போனதால் வாய்க்கால் மயானத்துக்குள் வந்திருக்கிறது. பெரியவர் புதைக்கப்பட்ட இடம் முறையான மயானம். மறைத்துப் புதைக்கவில்லை.

சேகர் ஒப்புக்கொண்டார்; பாதிதான். "எல்லாம் சரிம்மா. ஆனா நாளைக்கு எவனாவது பெட்டிஷன் போட்டா என் தலைதான் உருளும். நீங்க புகார்ல 'சந்தேகத்துக்கிடமான முறையில்'னு மட்டும் ஒரு வார்த்தை சேத்துருங்க. நான் ஆய்வகத்துக்கு அனுப்பிட்டு நிம்மதியா இருப்பேன்."

அந்த ஒரு வார்த்தையில்தான் பெரியவர் இருந்தார். அதை எழுதினால் அவர் ஆய்வகப் பெட்டியில் போவார். எழுதாவிட்டால் இங்கேயே இருப்பார்.

"எனக்குச் சந்தேகம் இல்லையே சார். ஒங்களுக்கு இருந்தா ஒங்க பேப்பர்ல நீங்க எழுதுங்க. என் கையெழுத்துக்கு மேல நான் பாத்ததுதான் இருக்கும்."

பார்த்ததை எழுதினேன்: எந்த இடம், எல்லைக் கல் எங்கே, எந்த நிலையில் இருந்தார், மகன் என்ன சொன்னார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் எழுதியதற்குக் கீழே கைநாட்டு வைத்தவர்கள்.

மல்லிகா மேடத்துக்குப் போன் செய்தேன். அரசு டாக்டர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, குழிக்கு முதுகைக் காட்டி நின்றார். எதிரே தென்னை இல்லை. வடிவேல் அண்ணன்தான் நின்றார். "நீங்க அப்படியே நில்லுங்க, நான் ஒங்களைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றதும், ஊரையே அதட்டுகிற மனிதர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்.

"இவருக்கு யாரு வந்திருக்கீங்க?"

"மகன் மேடம்."

"அப்பாதான்னு நான் நம்பறதுக்கு வேற எதாவது சொல்லுங்க."

சாம்பசிவம் அண்ணன் தன் கழுத்தில் தொங்கிய சின்ன வெள்ளிச் சிமிழைத் தொட்டார். உள்ளே பூஜை லிங்கம். "சமாதி வைக்கிறப்ப இது எடது உள்ளங்கையில இருக்கணும் மேடம். நான்தான் வெச்சேன். அப்பாவோடது கறுப்பு, ஒரு ஓரம் மழுங்கியிருக்கும்."

இடது கை பக்கெட்டோடு போன பக்கம். மண்மேட்டில்தான் தேட வேண்டும். மகன் முட்டி போட்டு மண்ணைக் கையால் அளையத் தொடங்கினார். கோவிந்து கூடையில் அள்ளித் தண்ணீரில் அலசினார். ரஃபீக்கும் வந்து உட்கார்ந்தார். நின்று வேடிக்கை பார்த்த விவசாயிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சேறு, நத்தை ஓடு, விரல் எலும்புகள். டாக்டர் வேட்டியை விரித்து, கரையில் மீதி இருந்தவரை எலும்பு எலும்பாக எடுத்து அதில் கிடத்தியிருந்தார்; மண்ணில் கிடைத்த எலும்புகளையும் வாங்கி அதனதன் இடத்தில் வைத்தார். அப்படியே ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, வெட்டோ அடியோ இல்லை, வயதானவர், தகட்டைச் சுற்றி எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, அதற்குப் பிறகு பல வருடம் நடந்திருக்கிறார் என்று சொன்னார்.

ரஃபீக்தான் கண்டெடுத்தார். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிய கறுப்புக் கல். சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். ஓரம் மழுங்கியிருந்தது. சாம்பசிவம் அண்ணன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

மல்லிகா மேடம் திரும்பினார். வேட்டியில் இருந்தவரை நேராகப் பார்த்தார். சேகரிடம், "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். சேகர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இல்ல மேடம்" என்றார். அந்த இடத்திலேயே விசாரணையை எழுதி முடித்து, பெரியவரை மகனிடம் ஒப்படைத்து, மயானத்துக்குள்ளேயே மேடான இடத்தில் மறுபடி அடக்கம் செய்யலாம் என்று உத்தரவு போட்டார். மனிதர் இறந்த பிறகும் அவருக்குக் கண்ணியம் உண்டு என்று நீதிமன்றங்கள் சொல்லியிருப்பதை அதில் ஒரு வரியாகச் சேர்த்தார். பேனாவை மூடிவிட்டு மறுபடி வடிவேல் அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதுக் குழியை விவசாயிகளே வெட்டினார்கள். உட்கார வைப்பதுதான் பெரிய வேலையாகப் போயிற்று. விபூதியையும் மண்ணையும் பிசைந்து முதுகுக்குச் சாய்மானம் கட்டி, டாக்டரும் குழிக்குள் இறங்கிக் கால் எலும்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மகன் அடுக்கினார்.

"டாக்டர், எங்கப்பா வலது கால் மேல போட்டுத்தான் உட்காருவார்."

"பிளேட்டு இருக்கிற காலா?"

"ஆமா, அதுலதான் அவருக்குப் பெருமை."

"பிளேட்டை எடுத்துடவா?"

"வேணாம் டாக்டர். காசு கொடுத்து வாங்குனதில்ல, கவர்மெண்டு கொடுத்தது. அவருகிட்டயே இருக்கட்டும்."

குழிக்குள்ளிருந்து டாக்டர் சிரிக்க, மேலே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். இடது கை எலும்புகளுக்கு நடுவே லிங்கத்தை வைத்தார்கள். கொட்டிப்போன அரளியை யாரோ பொறுக்கிக் கழுவிக் கொண்டு வந்திருந்தார்கள். அதையும் விபூதியையும் போட்டு மூடினார்கள். அந்த வளைவில் மட்டும் இயந்திரத்தை விடாமல், வடிவேல் அண்ணனும் மற்றவர்களும் மண்வெட்டியால் வெட்டி, கரைக்கு மூங்கில் முளை அடித்து மணல் மூட்டை அடுக்கினார்கள். "பெரியவர் மேல இனி தண்ணி படக்கூடாது பாத்துக்கங்கடா" என்று மைக்செட் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பொழுது சாய்ந்தது. "மேடம், நீங்களும் வாங்க. நான் சொன்னா அம்மா நம்பாது, குடிச்சிருக்கியாடான்னு கேக்கும்" என்றார் சாம்பசிவம் அண்ணன். போனேன்.

தையல்நாயகி அம்மா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருந்தது. நான் எதிரே உட்கார்ந்து, மண் சரிந்ததிலிருந்து மறுபடி மூடியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். விரல்கள் நிற்கவே இல்லை. ஒரு மருவு, ஒரு மரிக்கொழுந்து, ஒரு சம்பங்கி. சொல்லி முடித்ததும் நாரை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"இருந்த காலத்துல அந்த மனுஷன் ஒரு எடத்துல உட்கார்ந்ததில்ல. செத்தாவது உட்காரட்டும்னுதான் உட்கார வெச்சோம். அங்கயும் எடத்த மாத்திட்டாரா?"

மகன் வெடித்துச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. பூவைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்தது.

"ஏம்மா, நீதான் அளந்தியாமே. பழைய எடத்துல அவரு பக்கத்துல எனக்குன்னு விட்டு வெச்சிருந்தாங்க. அது வாய்க்கால்ல போச்சு. புது எடத்துல எனக்கு எடம் இருக்கா?"

"இருக்கும்மா. வலது பக்கம் காலியாத்தான் இருக்கு."

"வேற யாரும் வந்து கேக்க மாட்டாங்களே?"

"மயானப் புறம்போக்கும்மா. யாரும் பட்டா வாங்க முடியாது."

அந்த அம்மா கட்டிய சரத்தை நீளமாகக் கிள்ளி, என்னைத் திரும்பி உட்காரச் சொல்லி, தானே என் தலையில் வைத்துவிட்டது.